கம்ப்ரசர் சுருதி

ஃபேனை நிறுத்து

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பாட்டுப் போட்டியில் நான் செய்த முதல் வேலை, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தியதுதான். சித்திரை மாத வெயில். தகரக் கூரை போட்ட கேன்டீன் ஹால். உள்ளே பல கம்பெனித் தொழிலாளிகளும் அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகளும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக அணைத்தேன்.

"யோவ், இன்னாயா பண்ற? புள்ளைங்கோ வெந்து பூடும்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"கொஞ்ச நேரம் வேவட்டும். ஃபேன் சத்தம் டேப்புல ஏறிச்சுன்னா மெட்ராஸ் முழுக்கக் கேக்கும்" என்று நானும் திருப்பிக் கத்தினேன்.

அப்போது எனக்கு இளவயது, முன்கோபம் வேறு. அதற்கு முன் திருவள்ளூரில் மைக்செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, திருப்பாச்சூர் கோயில் திருவிழா என்று சுற்று வட்டாரத்தில் நான் கட்டாத குழாய் இல்லை. எழுபதுகளின் பின்பாதியில் மெட்ராசுக்கு டி.வி. வந்தபோது, தெரிந்த ஒருவர் சொல்லி அங்கே சவுண்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். காண்ட்ராக்ட் வேலை. சில மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். மைக்செட்காரனாக இருந்தபோது சத்தத்தைக் கூட்டுவது என் தொழில். டி.வி.க்கு வந்த பிறகு தேவையில்லாத சத்தத்தைக் கொல்வது என் தொழில் ஆயிற்று. அதில் எனக்கு ஒரு திமிரே உண்டு. மாணிக்கம் இருக்கும் ஹாலில் ஈ பறந்தாலும் அனுமதி கேட்டுத்தான் பறக்கும் என்று கேமராமேன்கள் கிண்டல் செய்வார்கள்.

இன்றைக்கு சவுண்ட் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சகல வசதியும் இருக்கிறது. வேண்டாத இரைச்சலைக் கம்ப்யூட்டரில் துடைத்து எறிந்துவிடுகிறார்கள். எங்களிடம் இருந்தவை ஸ்பூல் டேப், ஒரு பிளேடு, ஒட்டுவதற்கு டேப். இவ்வளவுதான்.

போட்டியை நடத்தியது நாங்கள் அல்ல. தொழிற்பேட்டைக் கம்பெனிகள் சில சேர்ந்து ஒரு கலைக் குழு அமைத்திருந்தன. அவர்கள் போட்டி நடத்துவார்கள். நாங்கள் கேமராவோடு போய்ப் படம் பிடித்து, வாரம் ஒரு சுற்றாகக் காட்டுவோம். விதிகள் மூன்று. சினிமாப் பாட்டு கூடாது. பாடுகிறவர் அந்தக் கம்பெனியில் உண்மையாகவே வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். மேடையில் ஹார்மோனியம், தபேலா தவிர வேறு எந்த உதவியும் இருக்கக் கூடாது. அந்த மூன்றாவது விதிதான் என்னை வேலையை விட்டுத் துரத்தப் பார்த்தது.

கலையாத மடிப்பு

முதலில் இரண்டாவது விதியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது நடக்காமல் இருந்திருந்தால் பின்னால் வந்த தகராறு இவ்வளவு முற்றியிருக்காது.

முதல் சுற்றை அந்தந்தக் கம்பெனி வளாகத்திலேயே வைத்தார்கள். ஒரு கம்பெனியில் வெல்டர் என்று சொல்லி ஒருவரை அனுப்பினார்கள். அமர்க்களமாகப் பாடினார். தேர்வாகி ஹாலுக்கும் வந்துவிட்டார். எங்கள் புரொட்யூசர் வசந்தா மேடம் அவர் போட்டிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

"வெல்டிங் பண்றப்ப கண்ணு எரியாதா உங்களுக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"புகை வரும் மேடம். ஆனா பழகிப்போச்சு" என்றார் அவர், சமையல்கட்டு வெல்டர் மாதிரி.

வெல்டரின் கண்ணை எரிப்பது புகை இல்லை, வெளிச்சம். ஹாலில் இருந்த நிஜ வெல்டர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஊட்டுக்குக் கெளம்பு நைனா!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். விசாரித்தால், மெட்ராஸில் மெல்லிசைக் குழு ஒன்றில் பாடுகிறவராம். ஜெயித்தே தீர வேண்டும் என்று கம்பெனி ஆள் பிடித்து வந்திருக்கிறது. அவரை அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கம்பெனிக்காரரும் மற்ற கம்பெனிக்காரரைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தார். யார் தும்மினாலும் புகார்.

கம்ப்ரசர் ரூம்

ஒவ்வொரு பாடகரும் வேலை செய்யும் இடத்தில் சின்னதாக ஒரு படம் பிடித்து, பாட்டுக்கு முன்னால் ஓட்டுவது வசந்தா மேடத்தின் யோசனை. அதற்காகத்தான் நானும் கேமராமேனும் புதுவாயலில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு ஒரு வார்ப்படக் கம்பெனிக்குப் போனோம். அங்கே தேவராசு என்பவர் கம்ப்ரசர் ஆபரேட்டர்.

கம்ப்ரசர் என்றால் காற்றை அழுத்தி டேங்கில் நிரப்பும் மிஷின். கம்பெனி முழுக்கக் காற்று வேண்டும் என்பதால் அது நாள் பூராவும் ஓடும். அந்த ரூமுக்குள் கால் வைத்ததும் எனக்குப் பல் கூசியது. பேசினால் பேசியவருக்கே கேட்காது. மீட்டரில் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கு நடுவில் நாற்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்த மனிதர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

ஆரம்பாக்கத்து ரயிலு வருது ராசாத்தி
அரைவயிறு கஞ்சி போதும் ராசாத்தி
தூரமின்னு நெனைக்காத ராசாத்தி – உன்
தூக்குச்சட்டி தொறந்தாக்கா நீதான் பக்கத்துல

அவராகக் கட்டிய பாட்டு. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மிஷினின் உறுமல் ஒரே சுருதியில் நிற்கிறது. அந்தச் சுருதி மேல் அவர் குரல் அச்சாக உட்காருகிறது. ஒரு இம்மி விலகவில்லை. நான் திட்டிக்கொண்டே உள்ளே போனவன், வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

இன்னொன்றும் கவனித்தேன். டேங்க் நிரம்பியதும் கம்ப்ரசர் அன்லோடு ஆகும். அதாவது, காற்றை அழுத்துவதை நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றும். சத்தம் மாறிவிடும். அந்த நேரம் வந்ததும் தேவராசு பாதி வரியில் நிறுத்தி, அண்ணாந்து பிரஷர் முள்ளைப் பார்த்தார். மறுபடி லோடு ஏறி உறுமல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முதல் சுற்றை நடுவர்கள் இந்த ரூமுக்கு வெளியே உள்ள முற்றத்தில்தான் நடத்தியிருக்கிறார்கள். உறுமல் அங்கேயும் கேட்டதால்தான் அவர் ஜெயித்தார்.

சில்வண்டு

ஹாலில் ஒத்திகை. ஃபேனை நிறுத்தினேன், கதவைச் சாத்தினேன், சமையல்காரர்களின் வாயையும் அடைத்தேன். தேவராசு மேடையேறி ஆரம்பித்தார். ஹார்மோனியம் ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். இரண்டாவது வரியில் சுருதி இறங்கியது. மூன்றாவது வரியின் நடுவே சட்டென்று நிறுத்தி, அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"மறந்துட்டீங்களா?" என்று கேட்டார் வசந்தா மேடம்.

அவர் பதில் சொல்லவில்லை. மேடம் முன்னால் போய்த் திரும்பக் கேட்டதும், "இல்ல மேடம், அன்லோடு ஆவுற எடம்" என்றார். கம்ப்ரசர் இல்லாத ஹாலில் அன்லோடு. அவருடைய கம்பெனி ஆட்களே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். 

சபைக் கூச்சம் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பின்னாலிருந்து, "தேவராசண்ணே" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, ஹார்மோனியம் கேக்குதா உங்களுக்கு?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை அசையறது தெரியுது தம்பி" என்றார்.



"காதுக்குள்ள எந்நேரமும் சில்வண்டு கத்திக்கினே கீது" என்றார். "மிஷின் ஓடுனா அது அடங்கிப்பூடும். எனுக்குப் பாட்டு வரும். இங்க நீ எல்லாத்தையும் நிறுத்திட்டியா, அது மட்டும்தான் கேக்குது. அத்த வெச்சிக்கினு நான் இன்னா பாடறது?"

ஹாலை இழவு வீடு மாதிரி அமைதியாக்கிவிட்டு மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்த அமைதி ஒரு மனிதருக்குள் இப்படி இரையும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அவருடைய மனைவி எஸ்தர் அப்போது தூக்குச்சட்டியோடு வந்தார். நாங்கள் பேசியது இன்னது என்று முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். என் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை.

"சாரு, வெளிய சொல்லிடாதீங்க. இந்த வருசம் பர்மனென்ட் பண்ணப்போறாங்கோ. மெடிக்கல் டெஸ்ட் கீது. காது கேக்காதுன்னா ஆளையே வாணான்னுடுவாங்கோ. நாங்க ரெண்டு பேரும் அடுத்தவன் நெலத்துல குனிஞ்சி கெடந்தவங்க சாரு. மறுக்கா அங்க போயி நிக்க முடியாது."

பாட்டில் நன்றாக வந்தால் மானேஜரே நல்ல வார்த்தை சொல்வார், டெஸ்டும் பேருக்கு நடந்துவிடும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் இத்தனை பயத்தோடும் போட்டிக்கு வந்திருந்தார்கள்.

நான் யோசித்தேன். கம்ப்ரசர் ரூமில் எடுத்த டேப் என்னிடம் இருந்தது. அதில் வெறும் உறுமல் மட்டும் உள்ள துண்டைப் பிளேடால் வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கினேன். ஓட்டினால் அது முடிவே இல்லாமல் உறுமிக்கொண்டிருக்கும். அன்லோடு ஆகாது. ஹெட்போனை அவர் காதில் மாட்டி, சத்தத்தைக் கூட்டினேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"தோ, நம்ம மிஷினு!" என்று எஸ்தரைப் பார்த்துக் கத்தினார்.

புகார்

அரையிறுதியில் தேவராசு ஹெட்போனோடு பாடினார். கேட்டவர்களிடம், "டெக்னிகல் விஷயம், உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டேன். நம் தொழிலில் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரிய மரியாதை உண்டு. வசந்தா மேடமும் அவசரத்தில் கேட்கவில்லை. தேவராசு பாடினார் பாருங்கள், ஹாலே எழுந்து நின்றது. ஹார்மோனியக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுத் தலையாட்டினார். அன்றைக்கு அவர்தான் முதலில் வந்தார்.

வந்தது வினை. கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த சுந்தரம்தான் அவருக்கு அடுத்தபடி வந்தவர். முறையாகச் சங்கீதம் படித்தவர், நல்ல பிள்ளை. அவருக்கு ஒரு கோபமும் இல்லை. கோபப்பட்டது அவருடைய கம்பெனி அதிகாரி.

"காதுல யாரோ பாட்டு சொல்லிக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கான் மேடம்! போன தடவ டூப்ளிகேட் வெல்டர். இந்தத் தடவ டூப்ளிகேட் காது!" என்று குதித்தார்.

இறுதிச் சுற்றன்று, பதிவுக்கு முன்னால் கேன்டீன் மேஜையைச் சுற்றி விசாரணை. கலைக் குழுக்காரர்கள், புகார் செய்தவர், வசந்தா மேடம், தேவராசுவின் கம்பெனி பர்சனல் ஆபீசர். எதிரே தேவராசுவும் எஸ்தரும். பர்சனல் ஆபீசர் அங்கே இருந்ததுதான் பெரிய பேஜாரு. ஆளைப் பர்மனென்ட் செய்வதும் வெளியே அனுப்புவதும் அவர் கையில்தான் இருந்தது.

"மாணிக்கம், ஹெட்போன்ல என்னப்பா ஓடுச்சு?" என்று கேட்டார் மேடம்.

டேப்பைப் போட்டுக் காட்டினேன். கம்ப்ரசர் உறுமியது. வேறு ஒன்றும் இல்லை. புகார் செய்தவரின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அவர் விடுவதாக இல்லை.

"சரி, பாட்டு இல்ல. ஆனா சுருதி இருக்குல்ல? அது உதவிதானே? எதுக்கு அந்த உதவி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எஸ்தரைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே கும்பிட்டார்.

"என் இஷ்டத்துக்குப் போட்டேன் மேடம். சவுண்ட் நல்லா வரும்னு ஒரு யோசனை. அவருக்கு இதுல சம்பந்தம் இல்ல."

மேடம் என்னை நன்றாக அறிந்தவர். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனாலேயே கோபம் அதிகமாகியது.

"போட்டி விதி தெரிஞ்சும் நீயா போட்டியா? என்ன காரணம்னு இப்ப சொல்லு. இல்லேன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும். உன் காண்ட்ராக்ட இதோட முடிச்சிருவாங்க. புரியுதா?"

"எழுதுங்க மேடம்" என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன். வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

தேவராசுவுக்கு இந்தப் பேச்சில் பாதிகூடக் காதில் விழவில்லை. ஆனால் அவர் மேடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார். எஸ்தர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காருயா. கம்முனு ஒக்காரு."

அவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"மேடம், அந்தத் தம்பிய ஒண்ணியும் சொல்லாதீங்கோ" என்றார். காது மந்தமானவர்கள் பேசுவதுபோல் ஹால் முழுக்க எதிரொலிக்கும் குரல். "எனுக்குக் காது கேக்காது. மிஷினாண்ட இருந்து இருந்து பூட்ச்சி. ஆர்மோனியம் கேக்கல. அதான் அவரு மிஷினு சத்தத்த எடுத்தாந்து குடுத்தாரு. தப்புன்னா என்னிய அனுப்புங்கோ."

 பர்சனல் ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டார். எஸ்தருக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது.

"அல்லாத்தையும் கொட்டிட்டியா? இத்தினி நாளு வாயக் கட்டிக்கினு இருந்தது இதுக்குத்தானா?" என்று அவர் முதுகில் ஒரு அடி போட்டார்.

"அந்தப் புள்ளைக்குச் சோறு பூடும்மே" என்றார் தேவராசு.

நான் யார் அவருக்கு? நாலு தடவை பார்த்த ஆள். அவர் வீட்டு அடுப்பு எரிவதே சந்தேகம் என்ற நிலைமையில் என் வீட்டுச் சோற்றை நினைத்த மனிதர். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

கேமராவுக்குப் பக்கத்தில்

ஹெட்போன் கூடாது என்று கலைக் குழு முடிவு செய்தது. விதி விதிதான் என்றார்கள். மேடம் என் மேல் எழுதவில்லை. "முட்டாள், என்கிட்ட தனியாவாவது சொல்லியிருக்கலாமில்ல" என்று திட்டியதோடு விட்டுவிட்டார். தேவராசு ஹெட்போன் இல்லாமல் பாடலாம், அல்லது விலகிக்கொள்ளலாம்.

"வாயா, ஊட்டுக்குப் போலாம். ரயில் வந்துடும்" என்றார் எஸ்தர். ஆனால் எஸ்தரே எழவில்லை. கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சாரு, நான் அவுரு எதிர்க்க நிக்கலாமா? ஊட்டுல பாடறப்ப சுருதி எறங்குனா எனுக்குத் தெரியும். கையத் தூக்குவேன், ஏறிப்பாரு. எனுக்குச் சங்கீதம்லாம் தெரியாது. அவுரு கொரலு தெரியும்."

நான் மேடத்திடம் ஓடினேன். கெமிக்கல் கம்பெனி அதிகாரி அதற்கும் மறுப்பு சொல்ல வாயைத் திறந்தார். சுந்தரம் குறுக்கே வந்தார்.

"நிக்கட்டும் சார். அவர் சம்சாரம் எதிர்க்க நிக்கறதால என் பாட்டு கொறைஞ்சிடப் போறதில்ல."

மேடம் முடிவாகச் சொன்னார். "மேடைக்குக் கீழ கேமரா நிக்கற எடம் என்னோடது. அங்க எங்க ஃப்ளோர் மேனேஜர் நாள் பூரா கைய ஆட்டிட்டுத்தான் இருக்கார். இன்னைக்கு இன்னொருத்தரும் ஆட்டட்டும்."

நடுக் கேமராவின் லென்சுக்குப் பக்கத்தில், உரசினாற்போல, ஒரு ஸ்டூலைப் போட்டு எஸ்தரை ஏற்றிவிட்டோம். லைட்டில் ஒரு துளி அவர் மேலும் விழும்படி திருப்பினோம். நான் வெளியே நின்ற எங்கள் பதிவு வேனுக்குள் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதல் வரியில் தேவராசு தாழ்வாகத்தான் எடுத்தார். எஸ்தரின் கை உயர்ந்தது. தேவராசு தடுமாறினார், ஏறினார், கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டார். கை தாழ்ந்தது. ஹார்மோனியக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். மூன்றாவது வரியில் குரல் வந்து உட்கார்ந்தது. வழக்கமான இடத்தில் நிறுத்தினார். ஹாலில் பலர், "அன்லோடு!" என்று அன்பாகக் குரல் கொடுத்தார்கள். அந்தக் கூச்சலைப் பிறகு பிளேடால் வெட்டி எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. மிச்சப் பாட்டு முழுக்க தேவராசுவின் கண் இப்படி அப்படி அசையவில்லை. நானும் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சுந்தரம்தான் முதல் பரிசு வாங்கினார். நியாயமான பரிசு. தேவராசுவுக்கு மூன்றாவது பரிசாக ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கொடுத்தார்கள். காது கேளாதவருக்கு ரேடியோ. வேறு யாராக இருந்தாலும் வருத்தப்பட்டிருப்பார்கள். அவர் அதை எஸ்தரிடம் நீட்டி, "கேட்டு எனுக்குச் சொல்லு" என்றார்.

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பர்சனல் ஆபீசர் வேனுக்கு வந்தார். அந்த டேப்பைக் கேட்க வேண்டும் என்றார். "ரூம்ல எவ்ளோ சத்தம் இருக்குமோ அவ்ளோ வைங்க." வைத்தேன். கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. ஹெட்போனைப் பிடுங்கி எடுத்துவிட்டார்.

"நான் அந்த ரூம் கதவத் தாண்டிப் போனதே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கேன்டீன் டி.வி.

தேவராசுவுக்கு டெஸ்ட் நடந்தது. ஆபரேட்டர் வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் சொன்னார். எஸ்தர் பயந்தது நடந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த ஆபீசர் சும்மா இருக்கவில்லை. யார் யாரிடமோ பேசி, அவரைக் கம்பெனித் தோட்டத்துக்கு மாற்றி, அந்த வேலையில் பர்மனென்ட் செய்தார். கிரேடு ஒரு படி கம்மி. "கம்மியானா இன்னா, இருக்கற காதாவது மிஞ்சும்" என்றார் எஸ்தர். அடுத்து கம்ப்ரசர் ரூமுக்கு வந்த ஆபரேட்டருக்குக் காதை மூடும் கவசம் கொடுத்தார்கள்.

இறுதிச் சுற்று ஒளிபரப்பான மாலை நான் அவர்கள் கம்பெனி கேன்டீனுக்குப் போயிருந்தேன். பெரிய ஆன்டெனா கட்டி ஒரே ஒரு டி.வி. வைத்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தேவராசு முதல் வரிசை. எஸ்தர் பெண்களோடு ஓரமாக.

திரையில் தேவராசு பாட ஆரம்பித்ததும் கேன்டீனில் ஒரு சலசலப்பு.

"டேய், என்னையே பாக்கறாம்பா!"

"உன்னிய எங்க பாக்கறான், என்னியத்தான் பாக்கறான்."

"நான் நவுந்து ஒக்காந்தாலும் பாக்கறான்டா!"

அன்றைக்கு டி.வி. வைத்திருந்த எல்லா வீடுகளிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ஒளிபரப்புக்குப் பிறகு நிலையத்துக்கு வந்தவர்களும், "அந்த மூணாம் பரிசுக்காரர் எங்களைப் பார்த்தே பாடினாரே" என்று ஆச்சரியப்பட்டார்கள். கேமராவைப் பார்க்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டாலும் எந்தப் பாடகரும் பார்க்காத காலம் அது.

எல்லோரும் தன்னைக் காட்டிக் காட்டிப் பேசுவது தேவராசுவுக்குத் தெரிந்தது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. திரும்பிக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"இன்னாமே சொல்றாங்கோ?"

எஸ்தருக்கு வேறு வழியில்லை. அவரும் கத்தினார். "நீ அவுங்களியே பாத்துப் பாடுனியாம்!"

"அவுங்கள நான் இன்னாத்துக்குப் பாக்கறேன்?" என்றார் தேவராசு, கம்ப்ரசர் ஓடினாலும் கேட்கும் குரலில். "உன்னியத்தானமே பாத்தேன்!"

கேன்டீன் கூரை அதிர்ந்தது. எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். தேவராசுவுக்கு அவர்கள் சிரித்ததன் காரணம் கடைசிவரை புரியவில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ பேர் முன்னால் மைக் வைத்தேன். வைக்கும் முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க கூட யாரு வந்திருக்காங்க?" பதில் சொன்னதும் அந்த ஆளைத் தேடிப் பிடித்து, கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைப்பேன். சவுண்ட் நன்றாக வருவதற்கு எனக்குத் தெரிந்த வழி அதுதான்.